உட்ரோ வில்சன்: மறைக்கப்பட்ட நோயும் மாறிய வரலாறும்

உடல் தனி மனிதனுக்கு உரியது. அவ்வுடலில் தோன்றும் நோயும் அவனுக்கே உரியது. அதனை அவன் மருத்துவரிடம் மட்டும் மனம் திறந்து கூறுகிறான். அவர் அதைப் பிறரிடம் கூறமாட்டார் என்னும் நம்பிக்கையே மருத்துவத் தொழிலின் அடித்தளம். கிரேக்க நாட்டு ஹிப்பாக்ரட்டீசு வகுத்த உறுதிமொழியிலேயே இக்கடமை இடம் பெற்றுள்ளது.

ஆனால் நோயுற்றவர் ஒரு நாட்டின் ஆட்சித் தலைவராக இருப்பின் நிலை என்ன? அவர்தம் நோய் அவருக்கு மட்டும் உரியதா, அவரைத் தேர்ந்தெடுத்த மக்களுக்கும் உரியதா? மருத்துவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? இவ்வினாக்களை எழுப்பும் வாழ்க்கை ஒன்று உண்டு. அது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இருபத்தெட்டாவது குடியரசுத் தலைவராகிய உட்ரோ வில்சனின் வாழ்க்கை. பதினான்கு அம்சத் திட்டத்தின் ஆசிரியராகவும் பன்னாட்டுச் சங்கத்தின் தந்தையாகவும் வரலாறு பயிலும் நாம் அவரை அறிவோம். பதவியின் இறுதி 17 திங்கள்களை அவர் பக்கவாத நோயாளியாகக் கழித்த செய்தியை நம்முள் அறிந்தோர் சிலரே.

இளமையும் கல்வியும்

1856ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்து ஸ்டான்டன் என்னும் ஊரில் வில்சன் பிறந்தார். தந்தையார் பிரஸ்பிட்டீரியன் சபைப் போதகர். உள்நாட்டுப் போர் நிகழ்ந்தபோது சிறுவன் வில்சன் ஜார்ஜியா மாநிலத்தில் வளர்ந்து வந்தான். தந்தையின் தேவாலயமே காயமுற்ற வீரர்களின் மருத்துவமனையாக மாறியதைத் தன் கண்ணாலேயே கண்டான். போர் என்பது யாது என்பதை அவன் ஏட்டில் படித்து அறியவில்லை.

ஒன்பது வயதுவரை அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. மந்த புத்தியுள்ள பிள்ளை என்று உற்றார் எண்ணினர். அப்பிள்ளையே பின்னாளில் பிரின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1886இல் முனைவர் பட்டமும் பெற்றான். அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களுள் முனைவர் பட்டம் பெற்றவர் வில்சன் ஒருவரே. 1890இல் பிரின்ஸ்டனில் பேராசிரியராகவும், 1902இல் அதன் தலைவராகவும் உயர்ந்தார். வகுப்பறையிலிருந்து நாட்டின் தலைமைப் பீடம்வரை சென்ற பேராசிரியர் என்னும் வகையில், கல்லூரியில் பயிலும் நமக்கும், பயிற்றுவிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் அவர் நெருக்கமானவரே.

முன்னறிவிப்புகள்

அந்நாளிலேயே அவர் உடல் சில எச்சரிக்கைகளைத் தந்தது. 1896இல் வலக்கை வலுவிழந்தது. எழுதி எழுதித் தளர்ந்த கை என்று எண்ணினர். வில்சன் மனம் தளராமல் இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டார். 1906ஆம் ஆண்டு மே திங்களில் ஒருநாள் காலை கண் விழித்தபோது இடக்கண்ணில் பார்வை மங்கியிருந்தது. கண்ணுள் இரத்தக்குழாய் வெடித்ததே காரணம் என்று கூறிய மருத்துவர், நெடுநாள் ஓய்வு கொள்ளுமாறு பணித்தனர். இங்கிலாந்து சென்று சில திங்கள் தங்கித் திரும்பியவர் மீண்டும் முழுமூச்சாய்ப் பணியில் இறங்கினார். கை வலுவிழந்ததும் மூளையின் இரத்த ஓட்டக் கோளாற்றால் விளைந்ததே என்று பிற்கால மருத்துவ அறிஞர் சிலர் கருதினர். வேறு சிலர் அதை ஏற்கவில்லை. எவ்வாறாயினும், 1912ஆம் ஆண்டுத் தேர்தலில் அவருக்கு வாக்களித்த மக்கள் இவற்றைப் பற்றி ஏதும் அறியார்.

பதவியும் போரும்

நியூ ஜெர்சி மாநில ஆளுநராக இரண்டாண்டுகள் பணியாற்றிய பின், 1913ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் வில்சன் குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்றார். வங்கித் துறையைச் சீர்படுத்தும் ஃபெடரல் ரிசர்வ் சட்டத்தையும், தனியுரிமை வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்தையும் நிறைவேற்றினார். அதே ஆட்சியில்தான் நடுவண் அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைப் பிரித்து வைக்கும் கொடுமை வளர்ந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. உலகிற்குச் சமநீதி பேசியவர் தம் நாட்டின் ஒரு பகுதி மக்களுக்கு அதனை வழங்கவில்லை.

பதவியேற்பு நாளன்று வில்சனின் சகோதரி கீழே விழுந்து காயமுற்றார். காயத்திற்குத் தையலிட்டவர் கேரி கிரேசன் என்னும் இளம் கடற்படை மருத்துவர். அவருடைய பண்பில் மகிழ்ந்த வில்சன் அவரையே தம் மருத்துவராக அமர்த்திக்கொண்டார். உணவில் கட்டுப்பாடு, கோல்ஃப் ஆட்டம், மோட்டார்ப் பயணம் என ஒழுங்கு வகுத்து அவர் உடலைப் பேணினார் கிரேசன். 1914 ஆகஸ்டில் மனைவி எல்லன் இறந்தபோது துயரில் மூழ்கிய வில்சனுக்கு உறுதுணையாக நின்றவரும் அவரே. 1915 டிசம்பரில் வில்சன் எடித் என்னும் அம்மையாரை மணந்தார். 1916இல் மூத்தோர் பலரைத் தாண்டி கிரேசனுக்குக் கடற்படையில் உயர்பதவி கிடைத்தது. மருத்துவர் நண்பரானார், நண்பர் குடும்பத்தில் ஒருவரானார். பின்னாளைய சிக்கலின் வித்து இங்கேதான் விழுந்தது.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. 1918 ஜனவரி 8ஆம் நாள் வில்சன் பதினான்கு அம்சத் திட்டத்தை வெளியிட்டார். அடிமைப்பட்ட நாடுகள் பலவும் அவரை நம்பிக்கையோடு நோக்கின. நம் தமிழகமும் அவற்றுள் ஒன்று. அன்னி பெசன்ட் அம்மையார் காவலில் வைக்கப்பட்ட 1917ஆம் ஆண்டு ஜூன் திங்களில், சென்னை உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதியாகிய சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், இந்தியாவிற்குத் தன்னாட்சி வேண்டி வில்சனுக்கே கடிதம் எழுதி அனுப்பினார். அது குறித்து அரசின் கண்டனத்திற்கு ஆளானபோது தம் பட்டங்களையே துறந்தார். கடல் கடந்த நாட்டின் தலைவரிடம் நம்மவர் வைத்த நம்பிக்கைக்கு இது ஒன்றே சான்று.

பாரிசும் இரயில் பயணமும்

போர் முடிந்ததும் வில்சன் தாமே பாரிஸ் மாநகர் சென்று அமைதி மாநாட்டில் கலந்துகொண்டார். 1919 ஏப்ரலில் கடுங்காய்ச்சல் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. உலகெங்கும் மக்களைக் கொன்று குவித்த இன்ஃபுளுயன்சா பரவியிருந்த காலம் அது. வெறும் சளி என்றே செய்தியாளரிடம் கூறப்பட்டது. எழுந்து அமர்ந்தவர் பழைய வில்சனாக இல்லை என்று உடனிருந்தோர் சிலர் பின்னர் எழுதினர். ஜூன் 28ஆம் நாள் வெர்செயில்ஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பன்னாட்டுச் சங்கம் அதன் ஒரு பகுதியாக அமைந்தது.

ஆயினும் அமெரிக்கச் செனட் சபையில் மூன்றில் இரு பங்கினர் ஏற்றால்தான் உடன்படிக்கை செல்லும். ஹென்றி கேபட் லாட்ஜ் தலைமையில் குடியரசுக் கட்சியினர் திருத்தங்கள் வேண்டும் என்றனர். வில்சன் இணங்கவில்லை. மக்களிடமே நேரில் நீதி கேட்பேன் என்று புறப்பட்டார். உடல் தாங்காது என்று கிரேசன் தடுத்தும் கேட்கவில்லை. 1919 செப்டம்பர் 3ஆம் நாள் தொடங்கிய இரயில் பயணம் 22 நாட்களில் ஏறத்தாழ 8,000 மைல் தூரத்தைக் கடந்தது. ஒலிபெருக்கி பரவாத காலம். ஊருக்கு ஊர் தொண்டை வறளப் பேசினார். தலைவலி நாளும் பெருகியது. உட்கார்ந்தவாறே உறங்க வேண்டியதாயிற்று. செப்டம்பர் 25ஆம் நாள் கொலராடோ மாநிலத்துப் பியூப்ளோ நகரில் பேசிய பின் அவரால் மேலும் இயலவில்லை. மறுநாள் காலை விச்சிட்டா நகர் அருகே பயணம் கைவிடப்பட்டது. இரயில் வாஷிங்டன் நோக்கி விரைந்தது.

மூடிய கதவு

அக்டோபர் 2ஆம் நாள் காலை வெள்ளை மாளிகையில் வில்சன் பக்கவாதத்தால் தாக்குண்டார். இடக்கையும் இடக்காலும் செயலற்றன. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டதே காரணம். ஃபிலடெல்பியாவிலிருந்து நரம்பியல் வல்லுநர் டெர்க்கம் வரவழைக்கப்பட்டார். சில நாட்களில் சிறுநீர் அடைப்பும் சேர்ந்துகொண்டது. அறுவை செய்தால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் எடித் அம்மையார் அதற்கு இசையவில்லை; நல்வேளையாக அடைப்பு தானே நீங்கியது.

உள்ளே நடந்தது இது. வெளியே மக்கள் அறிந்தது யாது? நரம்புத் தளர்ச்சி, களைப்பு, ஓய்வு தேவை என்பன மட்டுமே. பக்கவாதம் என்னும் சொல்லே எந்த அறிக்கையிலும் இடம் பெறவில்லை.

அக்டோபர் 6ஆம் நாள் அயல்நாட்டுச் செயலர் இராபர்ட் லான்சிங் அமைச்சரவையைக் கூட்டினார். குடியரசுத் தலைவர் செயலாற்ற இயலாது போனால் அவர்தம் அதிகாரம் துணைத் தலைவரைச் சேரும் என்று அரசியலமைப்பு கூறுகிறது. ஆனால் இயலாமை என்பது யாது, அதனை முடிவு செய்பவர் யார் என்பதை அன்றைய அரசியலமைப்பு கூறவில்லை. மருத்துவரோ தனிச் செயலர் டுமுல்டியோ இயலாமையை உறுதிப்படுத்தினால் வழி பிறக்கும் என்று லான்சிங் எண்ணினார். இருவரும் மறுத்துவிட்டனர். கிரேசன் அமைச்சரவை முன் தோன்றி, தலைவரின் அறிவு தெளிவாகவே உள்ளது, ஓய்வே தேவை என்று தெரிவித்தார். யார் அனுமதியின்பேரில் இக்கூட்டம் கூட்டப்பட்டது என்று தலைவர் வினவியதாகவும் கூறினார். கூட்டம் கலைந்தது.

துணைத் தலைவர் தாமஸ் மார்ஷலுக்கும் முறைப்படி ஒன்றும் அறிவிக்கப்படவில்லை. செய்தியாளர் ஒருவர் மூலமே உண்மை நிலை மறைமுகமாக அவர் காதுக்கு எட்டியது. செய்தி கேட்டு அவர் திகைத்துப்போனார். வலிந்து அதிகாரத்தைக் கைப்பற்ற அவர் விரும்பவில்லை.

அன்றுதொட்டு நோயறையின் வாயிற்காவலர் எடித் அம்மையாரே. அரசுத் தாள்கள் அவர் கைக்கு வந்தன. எவற்றைக் கணவரிடம் காட்டுவது, எவற்றைத் தள்ளி வைப்பது என்பதை அவரே முடிவு செய்தார். கொள்கை முடிவு எதனையும் தாம் எடுக்கவில்லை என்று 1939இல் வெளியிட்ட தம் நூலில் அவர் எழுதினார். ஆனால் எது தலைவர் பார்வைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வதே ஆட்சியின் பெரும்பகுதி அன்றோ? பல மசோதாக்கள் தலைவர் கையெழுத்தின்றியே சட்டமாயின. மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்து அவர் பெயரால் சென்ற மடலை வரைந்தவர் டுமுல்டி. இங்கிலாந்து சிறப்புத் தூதராக அனுப்பிய கிரே பிரபு மூன்று திங்களுக்கு மேல் வாஷிங்டனில் காத்திருந்து, தலைவரைக் காணாமலே நாடு திரும்பினார்.

ஐயம் பரவவே, டிசம்பர் 5ஆம் நாள் செனட் உறுப்பினர்களான ஃபாலும் ஹிட்ச்காக்கும் மெக்சிகோ விவகாரம் பேச வேண்டும் என்று கூறி நோயறைக்கு வந்தனர். வில்சன் தலையணைகளில் சாய்ந்திருந்தார். செயலற்ற இடக்கை போர்வைக்குள் மறைந்திருந்தது. தேவையான தாள் வலக்கைக்கு எட்டும் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. எடித் அருகிலிருந்து குறிப்பெடுத்தார். சற்று நேரமே நீடித்த அவ்வுரையாடலில் வில்சன் தெளிவாகவும் நகைச்சுவையோடும் பேசினார். வெளியே வந்த ஃபால், தலைவரின் அறிவு கூர்மையாகவே உள்ளது என்று செய்தியாளரிடம் கூறினார். அவர் கூறியது பொய்யன்று. ஆயின் அவர் கண்டது பாதியே.

வரலாறு தந்த விலை

அவ்வறைக்குள்ளிருந்தே உடன்படிக்கையின் தலைவிதி முடிவாயிற்று. சிறு திருத்தங்களை ஏற்றுச் சமரசம் காணுமாறு ஹிட்ச்காக் வேண்டினார். எடித் அம்மையாரும் ஒருமுறை வேண்டினார். வில்சன் மறுத்தார். நவம்பர் 19ஆம் நாள் திருத்தங்களுடன் கூடிய உடன்படிக்கைக்கு ஆதரவாக 39 வாக்குகளும் எதிராக 55 வாக்குகளும் விழுந்தன. திருத்தமற்ற வடிவம் 38க்கு 53 என்ற கணக்கில் தோற்றது. 1920 மார்ச் 19ஆம் நாள் மீண்டும் திருத்தங்களுடன் வாக்கெடுத்தபோது 49 பேர் ஆதரித்தனர். 35 பேர் எதிர்த்தனர். இன்னும் ஏழு வாக்குகள் கிடைத்திருந்தால் அமெரிக்கா பன்னாட்டுச் சங்கத்தில் சேர்ந்திருக்கும்! எதிர்த்தவர்களுள் வில்சன் சொற்படி நடந்த அவருடைய கட்சியினரும் பலர் இருந்தனர் என்பதுதான் வேதனை.

உடல்நலத்தோடு இருந்திருந்தால் அவர் இணங்கியிருப்பாரா? இளமை தொட்டே பிடிவாதக்காரர். பிரின்ஸ்டனிலும் இத்தகைய பிடிவாதத்தால் தோற்றவர். ஆகவே இணங்கியிருக்க மாட்டார் என்போர் உண்டு. மூளையைத் தாக்கிய நோயே அவரிடமிருந்த வளைந்துகொடுக்கும் ஆற்றலைப் பறித்தது என்போரும் உண்டு. இதற்கு முடிவான விடை காண்பது அரிது. ஆனால் ஒன்று உறுதி. செனட் சபையும் மக்களும் நலமான ஒருவரோடு வாதிடுவதாக எண்ணிக்கொண்டிருந்தனர். அவர்கள் எதிரில் இருந்தவரோ கடும் நோயாளி.

1920 பிப்ரவரியில் மருத்துவர் ஹியூ யங் செய்தித்தாளுக்கு அளித்த விளக்கத்தால்தான் மூளை இரத்தக்குழாய் அடைப்பு என்னும் உண்மை ஓரளவு வெளிவந்தது. அதே திங்களில், தம் அனுமதியின்றி அமைச்சரவையைக் கூட்டிய லான்சிங்கை வில்சன் பதவி விலகச் செய்தார். ஏப்ரல் 14ஆம் நாளே தாக்குதலுக்குப் பின் முதன்முறையாக அமைச்சரவைக் கூட்டத்தில் அமர்ந்தார். அந்நிலையிலும் மூன்றாம் முறை போட்டியிடும் ஆசை அவரை விடவில்லை. அப்போதுதான் கிரேசன் வாய் திறந்தார். தலைவரால் இனித் தேர்தல் சுமையைத் தாங்க இயலாது என்று கட்சித் தலைவர் சிலரிடம் மறைவாக எடுத்துரைத்தார். நோயாளியின் உயிரைக் காக்கவே அவ்வாறு செய்தார். மக்களுக்காக மூடியிருந்த வாய் நோயாளிக்காகத் திறந்தது!

1921 மார்ச் 4ஆம் நாள் வில்சன் பதவியிலிருந்து விடைபெற்றார். 1919ஆம் ஆண்டிற்குரிய நோபல் அமைதிப் பரிசு அவருக்கு 1920 டிசம்பரில் அளிக்கப்பட்டிருந்தது. 1924 பிப்ரவரி 3ஆம் நாள் வாஷிங்டனில் தம் இல்லத்தில் உயிர் நீத்தார். கிரேசன் 1938இல் மறைந்தார். அவர் எழுதி வைத்த மருத்துவக் குறிப்புகள் முழுமையாக வெளியுலகைக் கண்டபோது ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் உருண்டோடியிருந்தன.

யாருக்குக் கடமை?

கிரேசனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது. அது நேர்மையாகாது. நோயாளியின் மறைபொருளைக் காப்பது அவர் கடமை. அதனை எல்லா மருத்துவரும் மீறத் தொடங்கினால் தலைவர்கள் மருத்துவரையே அணுக அஞ்சுவர். நோய் முற்றி நாட்டிற்கு மேலும் தீங்கு விளையும். பிரான்சு நாட்டுக் குடியரசுத் தலைவர் மித்தரானுக்கு 1981ஆம் ஆண்டிலேயே புற்றுநோய் கண்டறியப்பட்டது. பல ஆண்டுகள் நலமாக இருப்பதாக அறிக்கைகளில் கையெழுத்திட்ட மருத்துவர் குப்லேர், 1996 ஜனவரியில் மித்தரான் இறந்த சில நாட்களிலேயே உண்மையைக் கூறி நூல் வெளியிட்டார். நூல் தடை செய்யப்பட்டது, மருத்துவரும் தண்டிக்கப்பட்டார். பேச வேண்டிய காலத்தில் பொய்யறிக்கை, பேசாதிருக்க வேண்டிய துக்க வேளையில் நூல் வெளியீடு என்று அவரைப் பழித்தவர் பலர். கூறினாலும் பழி, கூறாவிடினும் பழி என்பது ஆட்சியாளரின் மருத்துவருக்கு அமைந்த விதி போலும்!

ஆயினும் இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். வாய்மூடி இருத்தல் வேறு, பொய்யுரைத்தல் வேறு. வில்சனின் நோய் இன்னது என்று ஊரறியக் கூறும் கடமை கிரேசனுக்கு இல்லாதிருக்கலாம். ஆனால் சட்டப்படி வினவ உரிமையுடைய அமைச்சரவை வினவியபோது, நோயின் பெயரைக் கூறாவிடினும், தலைவர் இப்போது பணியாற்றும் நிலையில் இல்லை என்ற ஒரு சொல்லைக் கூறியிருக்கலாம். நோய் நோயாளியின் உடைமை. பதவி மக்களின் உடைமை. முன்னதைக் காத்த மருத்துவர் பின்னதையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்.

அமெரிக்கா இப்பாடத்தை மெல்லவே கற்றது. தலைவர் செயலாற்ற இயலாத நிலையில் உள்ளார் என்பதைத் துணைத் தலைவரும் அமைச்சர்களில் பெரும்பான்மையினரும் எழுத்து மூலம் அறிவிக்கலாம் என்னும் இருபத்தைந்தாவது அரசியலமைப்புத் திருத்தம் 1967இல்தான் நடைமுறைக்கு வந்தது. லான்சிங் அன்று தேடிய வழி அதுவே. ஆனால் அச்சட்டமும் மருத்துவரின் வாயைத் திறக்கச் செய்வதில்லை. அமைச்சர்கள் அறிந்தால்தானே அறிவிக்க இயலும்?

நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என மருத்துவத்திற்கு நான்கு கூறுகளை வகுத்தார் வள்ளுவர். வில்சனின் அறையில் இந்நான்கும் குறைவின்றி இருந்தன. பொறுமைமிக்க நோயாளி, திறமைமிக்க மருத்துவர், சிறந்த மருந்து, கண்ணை இமை காப்பதுபோல் காத்த மனைவி. அதனால்தான் அவர் மேலும் நான்காண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்தார். ஆனால் அரசாள்வோன் நோயுற்றால் அக்கணக்கில் ஐந்தாவதாக மக்களையும் சேர்க்க வேண்டும். அந்த ஐந்தாமவரை வெளியே நிறுத்திக் கதவை அடைத்ததே வெள்ளை மாளிகை செய்த பிழை.

நாளை நம்மில் சிலர் மருத்துவத் துறையில் பணிபுரியலாம், சிலர் ஆட்சிப் பொறுப்பும் ஏற்கலாம், அனைவரும் வாக்களிப்போம். வில்சனின் வாழ்வு இம்மூவருக்கும் உரிய பாடமாகும்.